பால் சங்கத்துப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

காலை ஐந்தரை மணிக்குப் பால் சங்கத்து வாசலில் நின்றால் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். "நேற்றைக்கு நாலு மூன்று, இன்றைக்கு மூன்று எட்டு. மாடு அதே மாடு, தீவனம் அதே தீவனம். மிஷினுக்கு என்ன வந்தது?" என்று பால் ஊற்றுகிறவர் கேட்பார். "மிஷின் காட்டுவதைத்தானே அண்ணே நான் போட முடியும்" என்று சொல்லிவிட்டு, பால் எடுப்பவர் அடுத்த பாத்திரத்துக்குக் கை நீட்டிவிடுவார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி எப்படி அந்த எண்ணுக்கு வருகிறது என்பது இருவருக்குமே தெரிவதில்லை. ஒன்றிரண்டு கறவை வைத்துப் பிழைப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. அந்த எண்ணில் ஒரு புள்ளி குறைந்தால் அன்றைய பால் பணமும் குறைகிறது.

சங்கத்து மேஜைமேல் இருப்பது ஒரே கருவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை மூன்று. ஒன்று எடை பார்க்கும் எலெக்ட்ரானிக் தராசு. இரண்டாவது கொழுப்பும் கொழுப்பற்ற இதர திடச்சத்தும் பார்க்கும் பால் பரிசோதனைக் கருவி. இந்த இதர திடச்சத்தைத்தான் எஸ்.என்.எஃப். என்கிறோம். மூன்றாவது, இந்த இரண்டும் சொல்வதை வாங்கிக்கொண்டு உறுப்பினர் எண்ணோடு சேர்த்து விலை போட்டுச் சீட்டு அச்சிடும் சிறிய கணிப்பொறி. தவறு நேர்ந்தால் எந்தப் பெட்டியில் நேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழி எப்போதும் மாட்டின் மேலோ, பால் எடுப்பவர் மேலோதான் விழும்.

அமிலத்திலிருந்து ஒளிக்கு

முன்பெல்லாம் கொழுப்புப் பார்ப்பது பெரிய வேலை. சுவிட்சர்லாந்து நாட்டு ரசாயன நிபுணர் நிக்லாஸ் கெர்பர் 1891-ல் கண்ட முறையே பல ஆண்டுகள் நம் சங்கங்களில் நடந்தது. கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, மூடிக் குலுக்கி, சுழல் கருவியில் நிமிஷத்துக்கு 1100 சுற்று வேகத்தில் சுற்றுவார்கள். அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துவிடும். விடுபட்ட கொழுப்பு குப்பியின் மெல்லிய கழுத்தில் மஞ்சள் நிறத்தில் வந்து நிற்கும். 65 டிகிரி வெந்நீரில் வைத்து அதன் உயரத்தைப் படித்தால் அதுவே கொழுப்புச் சதவிகிதம். இன்றும் ஆய்வுக்கூடத்தில் மற்றக் கருவிகளைச் சரிபார்க்க இந்த முறையைத்தான் நம்புகிறார்கள். ஆனால் கை பொசுங்கும், சட்டை ஓட்டையாகும், நேரமும் பிடிக்கும். நூறு பேர் ஊற்றும் சங்கத்தில் தினமும் இரு வேளை ஒவ்வொருவர் பாலையும் இப்படிப் பார்க்க முடியாது. ஆகவே சில நாள் பாலில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மருந்து கலந்து சேர்த்து வைத்து, மொத்தமாக ஒரு தரம் பார்ப்பது வழக்கமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் எலெக்ட்ரானிக்ஸ் நுழைந்தது. டென்மார்க்கில் நில்ஸ் ஃபாஸ் என்ற பொறியாளர் 1956-ல் தொடங்கிய நிறுவனம், 1960-களில் மில்கோ டெஸ்டர் என்ற கருவியைக் கொண்டு வந்தது. அதன் தத்துவம் எளிது. பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதில் மிதக்கும் கொழுப்புத் துளிகளும் கேசின் என்ற புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதுதான். ஒரு ரசாயனக் கரைசலைச் சேர்த்துக் கேசினைத் தெளிய வைத்துவிட்டால், மீதியுள்ள மங்கல் முழுவதும் கொழுப்பால் ஆனது. அதன் வழியே விளக்கொளியைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று ஒளி உணரும் கண் ஒன்றால் அளந்தால் கொழுப்பு தெரிந்துவிடும். அதற்கு முன் கொழுப்புத் துளிகளையெல்லாம் நெருக்கிப் பிழிந்து ஒரே அளவாக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே அளவு கொழுப்பு சிறு துளிகளாக இருக்கும்போது அதிகமாகவும், பெரிய துளிகளாக இருக்கும்போது குறைவாகவும் காட்டும்.

இத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்காக 1981-ல் ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரில் ராஜஸ்தான் எலெக்ட்ரானிக்ஸ் அண்டு இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்பட்டது. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் வந்தது. 1990-களின் நடுவில் குஜராத்தில் கேடா மாவட்டத்துச் சங்கங்களில் தராசு, டெஸ்டர், கணிப்பொறி மூன்றையும் கம்பியால் இணைத்து, ஊற்றிய உடனே சீட்டு கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவியது. எழுத்துக் கூலி மிச்சம், காத்திருப்பதும் குறைவு. இதில் சந்தேகமில்லை. ஆனால் முன்பு கண்ணாடிக் குப்பியின் கழுத்தில் மஞ்சள் கோடு நிற்பதை ஊற்றியவரும் எட்டிப் பார்க்கலாம். இப்போது சிவப்பு எழுத்தில் ஓர் எண் மட்டுமே தெரிகிறது.

ஒலியைக் கொண்டு பால் பார்ப்பது

இப்போது கிராமச் சங்கங்களில் மிகுதியாகக் காணப்படுவது மீயொலிக் கருவி. நம் காதுக்கு எட்டாத ஒலியைப் பாலுக்குள் அனுப்பி, அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும். மின்சாரம் பட்டால் அதிர்ந்து ஒலியெழுப்பும் படிகத் துண்டு இதற்கு உதவுகிறது. பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் 1881-ல் சோதித்து உறுதி செய்த உண்மை இது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க முயன்ற லாங்கேவின் இதையே பயன்படுத்தினார். கப்பல் தேட வந்த வித்தை நம் ஊர்க் கறவைப் பாலில் வந்து நிற்கிறது.

20 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1480 மீட்டர் ஓடும். தண்ணீரைச் சூடாக்கினால் இந்த வேகம் கூடும். கொழுப்பிலோ நேர்மாறாக, சூடேற ஏற வேகம் குறையும். பாலிலுள்ள சர்க்கரை, புரதம், உப்பு ஆகிய எஸ்.என்.எஃப். சத்துக்கள் வேகத்தைக் கூட்டும். ஆகவே ஒரே பாலை ஒரு வெப்பத்தில் ஒரு தரமும், அதைவிட அதிக வெப்பத்தில் மற்றொரு தரமும் அளந்தால் இரண்டு வேகங்கள் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு இரண்டு விடை கண்டுபிடிக்கும் கணக்கு உண்டல்லவா? அதே கணக்குத்தான். இரண்டு வேகங்களிலிருந்து கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று கருவி தீர்த்துச் சொல்கிறது. பாலை உறிஞ்சிக்கொண்ட பிறகு சற்று நேரம் சும்மா இருப்பதுபோல் தோன்றுவது பாலைச் சூடேற்றும் நேரம்தான். அந்த நேரத்தில் அவசரப்படுத்திப் பயனில்லை.

இந்த நேரக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். ஒலி கடக்க வேண்டிய தூரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க ஒரு விநாடியில் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒலியின் வேகம் 1500 மீட்டரிலிருந்து 1 மீட்டர் மாறினால், அந்த நேரத்தில் ஏற்படும் வித்தியாசம் விநாடியை 100 கோடிக் கூறாக்கினால் அதில் 13 கூறு. விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கும் கடிகாரப் படிகம் வைத்தாலும் அதன் ஒரு துடிப்பு 62 கூறு பிடிக்கும். அதாவது, அளக்க வேண்டியதைவிட அளவுகோலின் கோடு பெரிது. எனவே ஒரு முறை அளந்து நம்பாமல், திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுப்பது போன்ற உபாயங்களைக் கருவி செய்பவர்கள் கையாளுகிறார்கள். இதையெல்லாம் செய்வது இரும்போ கம்பியோ அல்ல. சில்லுக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்பு. மென்பொருள் என்பது இதுதான்.

இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி எளிதில் ஏமாறவும் செய்யும். பாலில் காற்றுக் குமிழிகள் இருந்தால் ஒலி சிதறும், எண் தாறுமாறாகும். கறந்த பாலை நுரையோடு ஓடி வந்து ஊற்றினால் சில சமயம் விபரீதமாகக் காட்டுவது இதனால்தான். புளிக்கத் தொடங்கிய பாலிலும் சரியாக வராது. பால் ஓடும் குழாயிலும் உணர்விலும் பழைய பாலின் கொழுப்பும் கல்போன்ற படிவும் ஒட்டிக்கொண்டால் அன்று ஊற்றும் அனைவருக்கும் தவறான எண் வரும். ஆகவே வேலை முடிந்ததும் வெந்நீரிலும், கருவியோடு வரும் கழுவும் திரவத்திலும் கழுவியே ஆகவேண்டும். கழுவாத சங்கத்தில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மற்றொன்று: பசும்பாலுக்கு ஒரு கணக்கு, எருமைப்பாலுக்கு ஒரு கணக்கு, கலப்புப் பாலுக்கு ஒரு கணக்கு என்று கருவிக்குள் தனித்தனியே வைத்திருப்பார்கள். எதைப் பார்க்கப் போகிறோம் என்று பொத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். எருமைப்பால் பார்த்த கையோடு பொத்தானை மாற்றாமல் பசும்பாலைப் பார்த்தால் வரும் எண் அந்தப் பாலுக்குரியதல்ல. கூட்டம் நெருக்கும் நேரத்தில் மறந்துபோவது சகஜம். ஊற்றுகிறவர் ஒரு கண் வைத்திருந்தால் நல்லது.

தராசு

தராசைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. தட்டுக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கட்டையில் ஒட்டியுள்ள மெல்லிய கம்பிப் பின்னலும் கூடவே இழுபட்டு, மின் தடையில் சிறு மாற்றம் உண்டாகிறது. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் திரும்பி வருவது வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு அளவே. அதைப் பெருக்கி எண்ணாக்குகிறார்கள். ஆகவே தராசு சமதளத்தில் இருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது. பால் ஊற்றுவதற்கு முன் வெறும் பாத்திரத்தோடு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். எடையளவுத் துறையின் முத்திரை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். சங்கத்தில் முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல் ஒன்று இருந்தால் எந்தச் சண்டையும் ஒரு நிமிஷத்தில் தீரும்.

கிலோவா, லிட்டரா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ நிற்கும். தராசு காட்டுவது கிலோ. விலை பெரும்பாலும் பேசப்படுவது லிட்டருக்கு. 10.3 கிலோவை 10 லிட்டராக மாற்றுவது மூன்றாவது பெட்டியின் வேலை. சீட்டில் எது அச்சாகியிருக்கிறது, விலை எதற்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளவும். அடுத்தடுத்த ஊர்ச் சங்கங்களின் விலையை ஒப்பிடுகிறவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். லிட்டருக்கு 35 ரூபாய் என்பதும் கிலோவுக்கு 34 ரூபாய் என்பதும் ஏறக்குறைய ஒன்றே.

கணக்குப் பெட்டி

இனி மூன்றாவது பெட்டி. என் அபிப்பிராயத்தில் விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஏனென்றால் டெஸ்டர் தவறினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கணக்கில் ஒரு தவறு புகுந்தால் அது தினமும் ஒரே பக்கம் சாயும்.

எஸ்.என்.எஃப். கணக்கிடும் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். லாக்டோமீட்டர் டிகிரியை நாலால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கைக் கூட்டி, கடைசியில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவது நெடுங்கால வழக்கம். கொழுப்பைக் கால் பங்கு எடுத்து 0.44 கூட்டும் சூத்திரம் ஒன்று உண்டு. கொழுப்பை 0.21-ஆல் பெருக்கி 0.36 கூட்டும் சூத்திரமும் வழக்கில் உண்டு. டிகிரி 28, கொழுப்பு 4.0 உள்ள பாலுக்கு முதல் சூத்திரப்படி 7-ம் 1-ம் 0.44-ம் சேர்ந்து 8.44. இரண்டாவதன்படி 7-ம் 0.84-ம் 0.36-ம் சேர்ந்து 8.20. பால் ஒன்றுதான், வித்தியாசம் 0.24. விலைப் பட்டியலில் இது இரண்டு படி கீழே. எந்த லாக்டோமீட்டருக்கு, எந்தப் பகுதிப் பாலுக்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்பதை ஒன்றியம் முடிவு செய்கிறது; அதில் தவறில்லை. ஒன்றியம் சொன்ன எண்தான் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்பது உற்பத்தியாளரின் உரிமை. பழுது பார்த்து வந்த பெட்டியில் பழைய எண் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த எண் திரும்பி வந்துவிடக்கூடும். இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, கவனக்குறைவுதான். ஆனாலும் பணம் போவது போவதுதான்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மீயொலிக் கருவி வைத்த பல சங்கங்களின் சீட்டில் டிகிரி என்று ஓர் எண் அச்சாகும். அதைப் பார்த்து லாக்டோமீட்டரை மிதக்க விட்டுப் பார்த்த டிகிரி என்று நினைத்துவிட வேண்டாம். கருவி தான் கண்ட கொழுப்பிலிருந்தும் திடச்சத்திலிருந்தும் கணக்கிட்டுச் சொல்வது அது.

அடுத்தது புள்ளிக்குப் பின்னால் வரும் எண். கருவி 4.19 என்று கண்டாலும் பட்டியலில் 4.1, 4.2 என்றுதான் படிகள் இருக்கும். பள்ளியில் சொன்ன முறைப்படி அருகிலுள்ள எண்ணுக்குக் கொண்டு போனால் 4.2. இரண்டாவது எண்ணை அப்படியே வெட்டிவிட்டால் 4.1. வெட்டுவது என்று வைத்தால் ஒரு நாள் 0.01 போகும், ஒரு நாள் 0.09 போகும், சராசரியாக 0.045 போகும், ஒரு நாளும் திரும்பி வராது. தினமும் 10 லிட்டர் ஊற்றுகிறவருக்கு இது நாளைக்கு 4.6 கிராம் கொழுப்பு. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ 700 கிராம். 500 லிட்டர் வரும் சங்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 85 கிலோ. கட்டளைத் தொகுப்பு எழுதியவர் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதியதன் பலன் இது. அவர் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். சங்கப் பேரவையில் "எங்கள் பெட்டி வெட்டுகிறதா, சரிக்கட்டுகிறதா" என்று ஒருவர் எழுந்து கேட்டால், செயலாளர் ஒன்றியத்தில் விசாரித்துச் சொல்லிவிடலாம். ஒன்றியம் டேங்கரில் பால் எடுக்கும்போதும் இதே முறைதானா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அங்கே சரிக்கட்டி, இங்கே வெட்டினால் இடையில் மிஞ்சுவது யார் கணக்கில் சேருகிறது?

விலைப் பட்டியல் பெட்டிக்குள் ஒரு பெரிய கட்டம் போட்ட தாள்போல் பதிந்திருக்கிறது. கொழுப்பு ஒரு பக்கம், எஸ்.என்.எஃப். ஒரு பக்கம், சந்திக்கும் இடத்தில் விலை. விலை உயர்த்தி அறிவிப்பு வந்த அன்று அந்தத் தாளை மாற்ற வேண்டும். மாற்றினார்களா என்று பார்ப்பது எளிது. புதிய பட்டியலின் அச்சுப் பிரதியை எடுத்து, அன்று வந்த சீட்டுகளில் மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

பெட்டிக்குள் கடிகாரம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோது அது ஒரு சிறு காசு வடிவப் பேட்டரியில் ஓடும். அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பழையபடி எங்கோ போய் நிற்கும். மாலைப் பால் காலைக் கணக்கில் ஏறும், அல்லது வேறு மாதத்தில் ஏறும். சீட்டில் முதலில் தேதியையும் வேளையையும், பிறகு தன் உறுப்பினர் எண்ணையும் பார்ப்பது நல்லது. ஓர் எண் மாற்றி அழுத்தினால் நம் பால் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் சேர்ந்துவிடும். சீட்டுகளை வெயிலில் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருங்கள். வெப்பத்தால் அச்சாகும் காகிதம் ஆதலால் எழுத்து சீக்கிரம் மங்கும். முக்கியமானதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கலந்தாய் என்று பெட்டி சொன்னால்

பணம் போனால்கூட மனம் தாங்கும். பத்துப் பேர் நடுவில் "தண்ணீர் 6 சதவிகிதம்" என்று சீட்டு வந்தால் தாங்காது. மீயொலிக் கருவிகள் பலவற்றில் சேர்த்த தண்ணீர் என்று ஓர் எண் வருகிறது. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பால் தண்ணீரைவிடச் சற்றுக் கீழே, பூஜ்யத்துக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே போனால்தான் உறையும். தண்ணீர் சேரச் சேர உறைநிலை பூஜ்யத்தை நெருங்கும். இது உண்மையான சோதனை. ஆனால் சங்கத்துக் கருவி பாலை உறைய வைத்துப் பார்ப்பதில்லை. கண்ட திடச்சத்திலிருந்து உறைநிலை இவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட்டு, அதிலிருந்து தண்ணீர் இவ்வளவு என்று மறுபடி கணக்கிட்டுச் சொல்கிறது. திடச்சத்து குறைந்தாலே தண்ணீர் என்று சொல்லிவிடும்.

திடச்சத்து குறையக் காரணங்கள் பல. கோடைச் சூடு, அடர்தீவனப் பற்றாக்குறை, மடிநோய் எல்லாமே எஸ்.என்.எஃப்.-ஐக் குறைக்கும். வெளியில் தெரியாத மடிநோய் இருக்கும் மாட்டின் பாலைக் கருவி தண்ணீர்ப் பால் என்று சொன்னால், ஊற்றியவர் வெட்கப்பட்டு நிற்பாரே தவிர மாட்டுக்கு வைத்தியம் பார்க்க நினைக்கமாட்டார். இரண்டு நஷ்டம். ஆகவே இந்த எண்ணை ஒரு சந்தேகக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. சங்கத்தார் நேரில் வந்து, மாட்டை அவர்கள் கண்முன் முழுவதும் கறந்து, அந்தப் பாலை அதே கருவியில் பார்ப்பதே நேர்மையான வழி. தொழுவத்தில் எடுத்த மாதிரிக்கும் அதே எண் வந்தால் தண்ணீர் பேச்சுக்கு இடமில்லை. கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். கூடினால் பேச்சு வேறு.

அதே சமயம் சர்க்கரை, உப்பு, யூரியா போன்றவற்றைக் கலந்து எஸ்.என்.எஃப்.-ஐ ஏற்றுகிறவர்களை இந்தக் கருவி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. ஒலிக்கு எல்லாக் கரைபொருளும் ஏறக்குறைய ஒன்றே. யோக்கியமானவரைச் சந்தேகித்து, கலப்படக்காரரைப் பாராட்டும் நிலையும் வரலாம் என்பதைச் சங்கத்தார் மறக்கக் கூடாது. அதற்கெனத் தனி ரசாயனச் சோதனைகள் உண்டு. அவற்றை அவ்வப்போது செய்ய வேண்டும்.

நம் கையில் இருப்பது

நேற்று 4.3, இன்று 3.8 என்று வருவதில் பாதிக் காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. முதலில் பீய்ச்சும் பாலில் கொழுப்பு 1, 2 சதவிகிதம்தான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் 8-க்கு மேல்கூட இருக்கும். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோனால் கொழுப்பு குறையத்தான் செய்யும். கன்றை முதலில் ஊட்ட விட்டுப் பிறகு கறந்தால் கூடும். இரவு இடைவெளி நீளமாதலால் காலைப் பால் அளவில் கூடி, கொழுப்பில் குறைந்திருக்கும். காலையைக் காலையோடும் மாலையை மாலையோடும்தான் ஒப்பிட வேண்டும். வைக்கோல், தட்டை போன்ற நார்த்தீவனத்தைக் குறைத்துவிட்டுத் தவிட்டையும் புண்ணாக்கையும் மட்டும் கூட்டினாலும் கொழுப்பு இறங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கலக்காமல் மாதிரி எடுப்பது. கறந்து அரை மணி நேரம் வைத்த பாலில் கொழுப்பு மேலே ஏறத் தொடங்கிவிடும். மேலாக அகப்பையில் முகந்தால் ஓர் எண், அடியில் முகந்தால் ஓர் எண். எடைப் பாத்திரத்தில் ஊற்றியதும் நாலைந்து முறை மேலும் கீழுமாகக் கலக்கி, பிறகு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். "அக்கா, கலக்கியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, பார்க்க வேண்டும்.

எண்ணில் சந்தேகம் வந்தால் அப்போதே கேளுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் கேட்டால் பால் இருக்காது. அதே மாதிரிப் புட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி இரண்டாம் முறை பார்க்கச் சொல்லுங்கள். குலுக்கக் கூடாது, நுரை வரும். இரண்டு எண்களும் 0.1-க்குள் இருந்தால் அன்று கருவி நிதானமாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் விலகினால் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். கழுவியும் விலகினால் அன்றைய மாதிரியை ஐஸில் வைத்து, கெர்பர் முறையில் பார்க்க ஒன்றியத்து ஆய்வுக்கூடத்துக்கு அன்றே அனுப்பச் சொல்லலாம். கருவிக்குள் 0.1 கூட்டவும் குறைக்கவும் திருத்தும் வசதி உண்டு. அதன் ரகசிய எண் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில், எந்தக் கெர்பர் சோதனையை வைத்துத் திருத்தினார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி மேஜைமேல் வைத்திருக்கும்படி சங்கத்துச் செயலாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றே போதும்.